பிக்கப் வண்டியை உயர்த்துதல்: விவசாயிகள் அறியவேண்டுவன

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலிலிருந்து களத்திற்கும், களத்திலிருந்து சந்தைக்கும் ஒரு காலத்தில் மாட்டுவண்டியே போய்வந்தது. இரும்பு வளையம் பூட்டிய சக்கரம் போய் டயர் வண்டி வந்தபோது மாட்டின் பாரம் குறைந்தது, பாதையும் பிழைத்தது. இன்று அவ்விடத்தைப் பெரும்பாலும் பிக்கப் வண்டி பிடித்துக்கொண்டது. தக்காளிக் கூடை, வாழைத்தார், பாற்கேன், உரமூட்டை, சிமெண்டு யாவும் அதில்தான் செல்கின்றன. கடன் வாங்கி வண்டி வாங்கிய குடும்பத்திற்கு அதுவே நிலத்திற்கு அடுத்த சொத்தாக உள்ளது.

தார்ச்சாலையில் அவ்வண்டிக்கு யாதொரு குறையும் இல்லை. சாலையைவிட்டு இறங்கிக் கிணற்றடி வரையில் செல்லும் கடைசி அரைக் கிலோமீட்டரில்தான் தொல்லை. மழைக்குப் பின் சக்கரத் தடம் பள்ளமாகிறது. நடுவில் மண் மேடாக நிற்கிறது. வண்டியின் அடிவயிறு அம்மேட்டில் உரசுகிறது. உடனே நமது இளைஞர்கள் பட்டறைக்குச் சென்று, "கட்டை வைத்துத் தூக்கிவிடுங்கள், பெரிய டயர் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடுகிறது. வண்டியும் கம்பீரமாகத்தான் நிற்கிறது. அது உரசாமல் செல்கின்றதா, செல்வதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வண்டியின் உடலை உயர்த்துவது வேறு. அச்சை உயர்த்துவது வேறு. பிக்கப் வண்டியின் பின்புறத்தில் இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கிறது. அதன் நடுவில் பானைபோல் புடைத்திருப்பது டிஃபரென்ஷியல் பெட்டி. வண்டியின் அடிப்பாகங்களுள் தரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் அதுவேயாகும். அச்சின்மேல் பட்டை ஸ்பிரிங்கும், அதன்மேல் சட்டமும், சட்டத்தின்மேல் தொட்டியும் அமைந்துள்ளன. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இரும்புக் கட்டையை வைத்தால், கட்டைக்கு மேலே உள்ளவை 50 மில்லிமீட்டர் உயரும். அச்சும் அதன் நடுப்பெட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு நூலளவும் உயரா. பாதையின் நடுமேட்டில் இடிப்பது அந்தப் பெட்டியானால், கட்டைக்குச் செலவிட்ட பணம் வீண். அச்சை உயர்த்தும் ஆற்றல் டயர் ஒன்றுக்கே உண்டு. அதுவும் டயரின் குறுக்களவு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியளவே.

ஆதலால், பட்டறைக்குச் செல்லுமுன் சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்குக் கல்லும் வைத்துவிட்டு, அடியில் குனிந்து பாருங்கள். மண்ணும் கீறலும் எங்கே உள்ளன? நடுப்பெட்டியிலா, எஞ்சின் அடித்தகட்டிலா, பின்புறப் படியிலா, தொங்கும் ஸ்டெப்னியிலா? ஸ்டெப்னியின் தாங்கி தளர்ந்து தொங்கியதற்காக வண்டி முழுவதையும் உயர்த்தப் புறப்படுவோரும் உண்டு.

இனி, டயரின் கணக்கைப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு பக்கச்சுவரின் உயரம். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் குறுக்களவு. இதன்படி டயரின் மொத்த உயரம் 703.5 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 733.5 ஆகும். கூடியது 30, அச்சு உயர்வது 15 மில்லிமீட்டர். பெரிய டயர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் நமக்குக் கிடைப்பது ஒரு விரற்கடையினும் குறைவே.

இந்த 15 மில்லிமீட்டருக்கு வண்டி கொடுக்கும் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் கூடுகிறது. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடும். ஒவ்வொரு கியரிலும் இழுவிசை அதே விகிதத்தில் குறையும். ஏற்றத்திலும் சேற்றிலும் கிளட்ச் கூடுதலாகத் தேயும். பிரேக் டிரம் மாறாதிருக்கச் சக்கரம் மட்டும் பெருத்தால், தரையில் கிடைக்கும் பிடியும் அந்த விகிதத்தில் குறையும். முழுப் பாரத்தோடு சரிவில் இறங்கும் வண்டிக்கு இது சிறிய விஷயமன்று. மேலும், பாரம் ஏற்றியபின் ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினால் டயர் மட்கார்டிலோ சட்டத்திலோ உரசக்கூடும். பட்டறையில் வெறும் வண்டியாகப் பார்க்கும்போது இது புலப்படாது.

டயர் வாங்குவோர் அளவை மட்டும் கேட்கிறார்கள். அளவையடுத்து அச்சிட்ட எண்ணைப் பார்ப்பதில்லை. அது டயர் தாங்கும் எடையின் குறியீடு. 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 100 என்றால் 800. 104 என்றால் 900. 109 என்றால் 1,030. கார்களுக்கென்று செய்த அகலமான டயர், பார்வைக்குப் பருமனாக இருந்தும், சரக்கு வண்டியின் ஒல்லியான டயரைவிடக் குறைந்த எடையே தாங்குவதாக இருக்கலாம். பழைய டயர் வாங்குவோர், பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களையும் காண வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று பல ஆண்டு கிடந்து இறுகிப்போன ரப்பரை வாங்கிவிடக் கூடாது.

சேற்றில் சக்கரம் சுழல்வதற்கும் டயரின் உயரத்திற்கும் தொடர்பு சொற்பமே. நம்மிடமுள்ள பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் பின்சக்கரங்களால் மட்டும் இயங்குபவை. வெறும் வண்டியில் பின்பக்கம் எடையில்லை. ஒரு சக்கரம் வழுக்கினால் டிஃபரென்ஷியல் விசையை அதற்கே அனுப்பிவிடும். மற்றது வாளா நிற்கும். கரிசல் மண்ணில் டயரின் பள்ளங்கள் களிமண்ணால் நிரம்பிவிட்டால் எவ்வளவு உயரமான டயரும் உருளைக்கட்டைபோல் வழுக்கும். அங்கே உதவுவன அகன்ற இடைவெளியுள்ள பொத்தான்களும், வண்டியில் எப்போதும் கிடக்கும் இரண்டு பலகைகளும் ஒரு மண்வெட்டியுமே.

உயர்த்தும் முறைகளுக்கு வருவோம். மலிவான முறைகள் நான்கு வழக்கத்தில் உள்ளன: பின் அச்சில் கட்டை வைத்தல், ஷேக்கிளை நீளமாக்குதல், கூடுதல் பட்டை சேர்த்தல், முன்புறத்தில் டார்ஷன் கம்பியை முறுக்குதல் அல்லது சுருள் ஸ்பிரிங்கின்மேல் வளையம் வைத்தல். கம்பியை முறுக்கினால் ஸ்பிரிங்கின் வலிமை கூடுவதில்லை. வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்து, ஒவ்வொரு குழியிலும் உலுக்கி அடிக்கும். முன் அச்சிலும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில், முன்புறம் கட்டை வைப்பதை நாம் முற்றிலும் விலக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது முன் அச்சை முறுக்கும் விசை பெரிது. கட்டை நழுவினால் ஸ்டியரிங் ஓட்டுநரின் கையில் இராது.

பின்புறத்தை மட்டும் உயர்த்துவோரே மிகுதி. வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். முன்சக்கரங்களின் சாய்வுக்கோணம் மாறும். நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் அலையும். புரொப்பல்லர் ஷாப்ட்டின் கோணம் கூடி, யுனிவர்சல் ஜாயிண்ட் அதிரும், விரைவில் தேயும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல், சக்கரம் முழுதும் தொங்கும்போது விறைத்து நிற்கும். முகப்பு விளக்கின் ஒளி இறங்கிவிடும். இவற்றினும் நுட்பமான ஒன்று உண்டு. சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொண்டு, பாரம் எவ்வளவு என்று அறிந்து பின்பிரேக்கை அளந்துவிடும் வால்வு ஒன்று இருக்கிறது. கட்டை வைத்தவுடன் அந்தத் தூரம் கூடுகிறது. பாரம் நிறைந்த வண்டியை அது வெறும் வண்டி என்று எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஓட்டுநரோ, பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று ஷூவை மாற்றிக்கொண்டிருப்பார்.

கூடுதல் பட்டையைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசவேண்டியுள்ளது; ஏனெனில் அது உயரத்திற்காக அன்றி, அதிகப் பாரத்திற்காகவே பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. பட்டை ஒன்று கூடினால் வண்டி தொய்யாமல் நிற்கும். அதனால் வண்டியின் தாங்கும் திறன் கூடிவிட்டதென்று நினைக்கிறோம். அச்சு, பேரிங், பிரேக், சட்டம் ஆகியவை பழையபடியே உள்ளன. பதிவுச் சான்றில் எழுதிய மொத்த எடை ஒரு கிலோவும் கூடவில்லை. வண்டி தொய்வது, "போதும்" என்று நமக்குச் சொல்லும் அடையாளம். கூடுதல் பட்டை அந்த வாயை அடைத்துவிடுகிறது.

சாய்ந்து விழும் அபாயத்தை நேர்மையாகவே கணக்கிட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மில்லிமீட்டரும், பாரத்தோடு கூடிய எடைமையம் தரையிலிருந்து 1,000 மில்லிமீட்டரும் உள்ள வண்டி, கணக்குப்படி 35 பாகைப் பக்கச்சரிவு வரையில் நிற்கும். எடைமையம் 65 மில்லிமீட்டர் உயர்ந்தால் இது ஏறத்தாழ 33 பாகையாகும். இரண்டு பாகைதானே என்று கேட்கலாம். அதே வண்டியில் வைக்கோலை வானளாவ அடுக்கி எடைமையம் 1,500-க்கு ஏறிவிட்டால் எல்லை 25 பாகையாகும். ஸ்பிரிங் ஒருபக்கம் சாய்வதையும் வளைவில் திரும்பும் வேகத்தையும் சேர்த்தால் இன்னும் வெகுவாகக் குறையும். ஆகவே உயர்த்துதலைவிடப் பாரம் அடுக்கும் முறையே பெரிய குற்றவாளி. இரண்டும் ஒன்றுசேரும் வண்டியில், நடவுக்கும் கோயில் விழாவுக்கும் பெண்களையும் குழந்தைகளையும் தொட்டியில் நிற்கவைத்து ஏற்றிச்செல்வதைத்தான் நம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நிற்கும் மனிதர் வளைவில் ஒரே பக்கமாகச் சாய்கிறார். மூட்டை அவ்வாறு சாய்வதில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது விதிக்குப் புறம்பானது என்பதை உறுப்பினர்கள் தத்தம் ஊரில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தகுதிச் சான்றுக்குச் செல்லும்போது கட்டையைக் கழற்றிவிட்டு, வந்தபின் மாட்டிக்கொள்ளலாம் என்று யோசனை கூறுவோர் உண்டு. விபத்து நேர்ந்தபின் இழப்பீடு கோரும்போது அந்த யோசனைக்காரர் உடன் வரமாட்டார்.

அப்படியானால் உரசும் வண்டிக்கு வழியே இல்லையா? உண்டு. பல ஆண்டு பாரம் சுமந்த பட்டைகள் வளைவு குன்றித் தட்டையாகிவிடுகின்றன. வண்டி தன் பிறவி உயரத்தை இழந்து நிற்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள உயரத்தோடு அளந்து பாருங்கள். புதிதாக இருக்கும் அதே ரக வண்டியோடும் ஒப்பிடலாம். குறைந்திருந்தால், தயாரிப்பாளர் குறித்த அதே பட்டைத் தொகுதியைப் புதிதாக மாட்டுவதே சட்டத்திற்கும் பைக்கும் உகந்த உயர்த்துதல். பழைய பட்டையைக் குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் அடித்து வளைத்தால், விரைவில் மீண்டும் படுத்துவிடும். கேஸ் விளக்கால் சூடேற்றி வளைத்தால் எஃகின் பதம் கெட்டு, பாரத்தில் முறியும். டயரையும் கையேட்டில் குறித்த அளவிலும் எடைக் குறியீட்டிலும், ஸ்டெப்னி உட்பட ஒரே அளவாகப் போட வேண்டும்.

மீதி வேலை வண்டியில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஊராட்சி உறுப்பினர்கள் இதில் கருத்துச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இருபது வண்டிகள் செல்லும் பாதையில் இருபது பேரும் தனித்தனியே செலவு செய்து வண்டியை உயர்த்துவதைவிட, அந்த நடுமேட்டை வெட்டி இருபுறத் தடத்தில் நிரப்பிக் கெட்டிப்பது எவ்வளவோ மலிவு. 3 மீட்டர் அகலப் பாதையில் ஓரத்தைவிட நடு 6 சென்டிமீட்டர் உயர்ந்து சீராகச் சரிந்தால் நீர் வடியும், வண்டியும் உரசாது. ஓரத்தில் வாய்க்கால் எடுக்காமல் கிராவல் கொட்டினால் அடுத்த மழையோடு அது போய்விடும். வாய்க்காலை மறித்து வரப்பு போடுவோரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பிறகு பேசினால் சண்டையில் முடியும்.

பட்டை மாற்றுவோருக்குச் சில குறிப்புகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் படுக்கலாகாது. சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கிகளை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். கழற்றிய யூ போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அவை ஒருமுறை நீண்டவை. சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பின்னரே முடுக்க வேண்டும். நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்குக. ஷேக்கிள் புஷ்களின் போல்ட்டை வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பின்னரே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். முதல் இரண்டு மூன்று பாரம் ஏற்றி இறக்கிய பின், யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கிவிட்டு, முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் அன்று மாலையே சுவரில் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.