நிறுத்துப் பார்த்த பொதி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், கதிர்காமக் காட்டுவழி நடந்த பழைய மாணவிகள் ஐவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொதி நிறுப்பது எங்கள் எல்லோருக்கும் கைவந்த கலை. விமானத்தில் 30 கிலோ கொண்டுபோகலாம் என்றால், கொக்கித் தராசு 29.9 காட்டும்வரை மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் அடைவோம். நாங்கள் இன்று சொல்ல வந்தது குறைப்பதற்காக நிறுத்த கதை.

சென்ற ஆண்டு கதிர்காம உற்சவத்துக்காகக் காட்டுப்பாதை திறக்கப்பட்டபோது, உகந்தை முருகன் கோவிலிலிருந்து குமண, யால காடுகளினூடாக நாங்கள் ஐவர் நடந்தோம். செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வரும் அடியார்களும் உகந்தையில்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். அதுவரை வழியில் ஊர்கள் உண்டு, கோவில்கள் உண்டு, அன்னதானம் உண்டு. அதற்கு அப்பால் யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் காடு. சமையல் சாமான்களைத் தலையிலோ முதுகிலோ நாமே சுமக்க வேண்டும். எங்களில் மூத்தவருக்கு வயது 66. இருவருக்கு முழங்கால் வருத்தம். பொதி பாரமானால் ஐவரும் போய்ச் சேரமாட்டோம் என்பது புறப்படுமுன்னரே தெளிவாக இருந்தது.

மலையேறுவோர் சுமையை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எங்கள் முழங்கால்களை எண்ணி நாங்கள் ஆளுக்கு 8 கிலோ என்று எல்லை வகுத்தோம். இதில் தண்ணீர் 2 லீற்றர், அதாவது 2 கிலோ. அதை மெலிய வைக்க வழியில்லை. அரிசி, பருப்பு, அவல், சீனி, தேயிலை என்று நாளுக்கு 500 கிராம் வீதம் ஐந்து நாளுக்கு 2.5 கிலோ. மிஞ்சியது 3.5 கிலோ. பை, படுக்கை, உடுப்பு, மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஒரு வீட்டு விறாந்தையில் ஐந்து பைகளையும் திறந்து, சமையலறைத் தராசில் பொருள் பொருளாக நிறுத்தோம். ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று நிரல்கள் கீறினோம்: பொருள், கிராம், எதற்காக. முதலில் பையையே நிறுத்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மலையேற்றப் பை வெறுமையாகவே 2.2 கிலோ. பள்ளிப்பை போன்ற எளிய பை 800 கிராம். தடித்த துவாய் 520 கிராம். கிழித்தெடுத்த பழைய வேட்டித் துண்டு 110 கிராம். வெப்பமான காடு என்பதால் தூக்கப்பை வேண்டியிருக்கவில்லை. ஒரு மெல்லிய விரிப்பும் நுளம்புவலையும் போதும். பிரஷர், சீனி வருத்தங்களுக்கான குளிசைகளில் மட்டும் கை வைக்கவில்லை. அவற்றை இரண்டு நாள் மேலதிகமாகவே எடுத்தோம்.

மூன்றாவது நிரல்தான் எங்களை யோசிக்க வைத்தது. பல பொருள்களுக்கு நேரே ஒரே விடை இருந்தது: "தற்செயலாக." பவர்பாங்க் ஐந்து, ஒன்று 350 கிராம். கத்தி ஐந்து, ஒன்று 90 கிராம். முதலுதவிப் பை ஐந்து, ஒன்று 240 கிராம். தனித்துப்போனால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணி அடுக்கியவை அவை. ஐவருக்குமாகப் பவர்பாங்க் இரண்டு, கத்தி ஒன்று, முதலுதவிப் பை ஒன்று என்று வைத்தோம். மொத்தத்தில் 2,370 கிராம் குறைந்தது. எது யாருடைய பையில் இருக்கிறது என்பதை ஐவரும் மனப்பாடம் செய்தோம். அரிசி சுமந்தவரின் பொதி நாளுக்கு நாள் இலேசாகும். ஆகவே மூன்றாம் நாளிலிருந்து பானை அவருக்குப் போனது.

ஒருவரின் பையில் பொலித்தீனில் சுற்றிய கோப்பு ஒன்று இருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள். 1.1 கிலோ. மூன்றாவது நிரலில் அவர் ஒன்றும் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு அந்தக் கோப்பு என்னவென்று தெரியும். கையில் இருந்த கடதாசிகளை வைத்துத்தான் பலர் பிற்பாடு தம்மை நிரூபிக்க முடிந்தது. "அது இருக்கட்டும், உமது அரிசியை நாங்கள் பிரித்தெடுக்கிறோம்" என்றோம். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பின்பு, உகந்தைக்குப் போகும் வழியில், பொத்துவிலில் வசிக்கும் எமது பழைய மாணவி ஒருவரிடம் கோப்பை ஒப்படைத்தார். அந்த அக்கா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இவர் கையிலேயே கொடுத்தார்.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற அம்மையார் 1955 இல், தமது 67 ஆவது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியே நடந்தார். 3,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி அது. பதினொரு பிள்ளைகளின் தாயான அவர், தம் கையால் தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டு, கன்வஸ் சப்பாத்துடன் நடந்தார். கூடாரம் கொண்டுபோகவில்லை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. வழியிலுள்ள வீடுகளில் உணவும் படுக்கையும் கேட்டுப் பெற்றார். வழியில் மனிதர் இருப்பார்கள் என்று நம்பியதால் அவர் பை சிறிதாயிற்று என்று நாங்கள் எண்ணுகிறோம்.

குமுக்கன் ஆற்றைக் கடந்து, மாணிக்க கங்கையில் நீராடி, ஐவரும் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம். முழங்கால்கள் நொந்தன, ஆனால் யாரும் இடையில் திரும்பவில்லை.

அடுத்த முறை நடக்க விரும்பும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். வீட்டில் உள்ளதை நிறுங்கள், எழுதுங்கள், பிறகு கூட வருபவரின் கொப்பியோடு ஒப்பிடுங்கள். தனியே நிறுத்தால் கிராம் கணக்கில்தான் குறையும். சேர்ந்து நிறுத்தால் கிலோ கணக்கில் குறையும். எங்கள் சீ.ஆர். கொப்பியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். தராசும் அங்கேயே இருக்கிறது.