மழைக்காலச் சளியும் நம் வயிறும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்தால் கடலூரிலும் சிதம்பரத்திலும் இரண்டு நிச்சயம்: மழை, வீட்டுக்கு வீடு சளிக்காய்ச்சல். உடனே நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வரும்: "யார் வீட்டிலாவது அசித்ரோமைசின் மீதி இருக்கிறதா?" ஐந்து நிமிடத்தில் மாத்திரையும் கிடைத்துவிடும். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். சளி நுரையீரலில், குடலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? நாம் உண்ணும் நார்ச்சத்தை அந்தப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை நம் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பக்குவப்படுத்துகின்றன. அந்த அணுக்கள் ரத்தத்தோடு நுரையீரலுக்கும் போகின்றன.

ஹாங்காங்கில் 100 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குறைவு. அது காரணமா, விளைவா என்பதை அந்த ஆய்வு மட்டும் சொல்லிவிடாது.

நம் நாட்டில் ஒடிசா கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஏழு நாள் நல்ல பாக்டீரியாவும் அதற்கான உணவும் கொடுத்ததில், சுவாசத் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அது குழந்தைகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தது. அதற்காக நாம் கடையில் விலையுயர்ந்த கேப்சூல் வாங்க வேண்டியதில்லை.

தயிர், மோர், கீரை, பயறு போதும். இட்லி மாவில் பாக்டீரியா உண்டு. ஆனால் ஆவியில் வேகும்போது இறந்துவிடும். ஆகவே நம் சிதம்பரம் கொத்சுவோடு இட்லி சாப்பிட்டாலும், முடிவில் ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். கொத்சுவின் கத்தரிக்காய் நார்ச்சத்துக்கு. பழைய சோறு ஊறவைப்பவர்கள், மழைக்காலத்தில் கொதித்து ஆறிய நீரையே ஊற்றுங்கள்.

இவை வைத்தியமல்ல. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாள்வரை தவறாமல் சாப்பிடுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த மழைக்கு நம் குழுவில் மீதி மாத்திரை கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக்கு ரசம் சாதம் கொடுத்தனுப்புவோம்.