பாலாவிக் கரையில் சிந்திய தண்ணீர்



போன விடுமுறைக்கு எங்கள் ஊரான திருக்கேதீஸ்வரத்துக்கு வந்திருந்த என் அக்காவின் மகன், "மாமா, இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ" என்று போனை நீட்டினான். படம் எடுக்கவேண்டும் என்ற ஆசை மண்டைக்குள் ஏறிய வயது அவனுக்கு. வசனத்தை எழுதிக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் ஏஐ செயலி ஒன்றில், "பாலு மகேந்திரா பாணியில், பாலாவிக் குளக்கரை, விடியற்காலை, குடத்தில் தண்ணீர் மொள்ளும் ஒரு அம்மா" என்று கேட்டிருக்கிறான். எட்டு விநாடிப் படம் வந்திருந்தது.

பார்த்தவுடன் மனம் சொக்கத்தான் செய்தது. பக்கத்தில் இருந்து இதமான வெளிச்சம், பாதி முகம் நிழலில், தண்ணீருக்கு மேலே மெல்லிய பனி. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கரை முழுக்கத் தென்னை. எங்கள் பனையைக் காணவில்லை. பின்னால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெருங்கோபுரம் ஒன்று நின்றது. அந்த அம்மா நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறார், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

திரைப்பட இயக்குநர் பாலு மகேந்திரா நம்முடைய மண்ணில் பிறந்தவர் என்பதை இளம் நேயர்கள் பலர் அறியாமல் இருக்கலாம். மட்டக்களப்பு, அமிர்தகழி. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா ஒன்றில், 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை டேவிட் லீன் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததில்தான் தனக்கு சினிமா ஆசை பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 1977இல் 'கோகிலா', 1982இல் 'மூன்றாம் பிறை', 1988இல் 'வீடு'.

'வீடு' படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்தமாக ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. பாட்டுக் கிடையாது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத அந்த வீட்டைத் தனியாகப் போய்ச் சுற்றிப் பார்க்கிற காட்சி ஒன்று வரும். அதைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் படத்தின் வேர் அமிர்தகழியில் இருக்கிறது. வீடு கட்டத் தொடங்கிய நாள்முதல் தன் தாயின் சிரிப்பு எப்படிக் குறைந்து போனது என்பதைச் சிறுவனாக இருந்து பார்த்தவர் அவர். ஜன்னல் இருக்கிற அறையில் ஜன்னல் வெளிச்சம், விளக்கு இருக்கிற அறையில் விளக்கு வெளிச்சம் என்று அவர் பிடிவாதமாக நின்றதும் அங்கிருந்து வந்ததுதான் என்று நான் நம்புகிறேன். தாயின் முகம் எந்த வெளிச்சத்தில் வாடியதோ, அந்த வெளிச்சத்தில்தான் அதைக் காட்டவேண்டும்.

ஏஐ செயலி வேலை செய்யும் விதம் வேறு. கணக்கில்லாத வீடியோக்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. வெறும் புள்ளிக் குவியலில் தொடங்கி, கேட்ட சொற்களோடு அதிகம் ஒட்டிக் கிடக்கிற சாயலைப் படிப்படியாகத் தெளியவைக்கிறது. அதிகம் படம் பிடிக்கப்பட்ட ஊர் அதற்கு நன்றாக வரும். தேவாரத்தில் பாடப்பட்ட பாலாவியாக இருந்தாலும், 1990க்குப் பிறகு பல வருடம் போரால் சனம் சுதந்திரமாகப் போய்வர முடியாமல் கிடந்த இடம் இது. இதை எடுத்து வைத்த கமராக்கள் எத்தனை? நாம் காட்டாத ஊருக்கு அது இன்னொரு ஊரின் முகத்தை ஒட்டிவிடுகிறது. எனக்கு நெஞ்சில் தைத்தது அதுதான்.

ஒருவருடைய பாணியை ஏஐயிடம் கேட்டுப் பார்க்கும் இந்த ஆசை வெளியுலகில் புதிதல்ல. 2023இல் வெஸ் ஆண்டர்சன் பாணியில் செய்த ஏஐ வீடியோக்கள் பரவின. 2025 மார்ச்சில் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோச் சாயலில் ஊரெல்லாம் தங்கள் படத்தை மாற்றிக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்ட் 1ஆம் திகதி தனுஷ் நடித்த 'அம்பிகாபதி', இறந்துபோகும் நாயகன் பிழைத்து எழும்படி ஏஐயால் முடிவு மாற்றப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே மறுத்துப் பேசினார்கள். ஒருவர் எடுத்த படத்தில் கைவைப்பதும் ஒருவருடைய பாணியைப் பழகிப் பார்ப்பதும் ஒன்றல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு படைப்பை, படைத்தவர் இறந்து 70 வருடம் வரை காக்கிறது. பாணிக்கு மட்டும் அப்படி வேலி கிடையாது. அது இருக்கவும் கூடாது. பெரியவர்களைப் பார்த்துப் பழகாமல் எந்தக் கலைஞன் வந்தான்?

ஆகவே மருமகனிடம் அந்தச் செயலியை அழி என்று நான் சொல்லவில்லை. "நாளைக்கு விடிய முதல் எழும்பு" என்று மட்டும் சொன்னேன்.

பாலாவிக்குப் போனபோது இன்னும் இருட்டு. போனைப் படியில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான். முதலில் எல்லாம் சாம்பல் நிறம், அவனுக்கு ஏமாற்றம். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா நீலப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார், வாய் ஓரம் உடைந்த குடம். "அம்மா, ஒருக்கா எடுக்கட்டோ?" என்று கேட்டான்.

"முகத்தை எடுக்காதை தம்பி. கையை எடு."

அவர் குனிந்து மொண்டார். அந்த நேரம் வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, கீழே இருந்து அவர் கைக்கு ஏறியது. மணிக்கட்டுச் சுருக்கம், வளையல், விரல் இடுக்கில் ஈரம் எல்லாம் அந்தத் தெறிப்பில் அசைந்தன. எந்த விளக்கு வைத்தாலும் அப்படி வராது. குடத்தைத் தூக்கியபோது உடைந்த ஓரத்தால் தண்ணீர் வழிந்து படியில் கொட்டியது.

அந்த அம்மா போய்விட்டார். படியில் சிந்திய தண்ணீர் காயும்வரை அவன் போனை நிறுத்தவில்லை.