தொடங்கி வைத்தவர்களே!



சாதனையின் பெருமை தொடங்கி வைத்தவர்களுக்கா, முடித்துக் காட்டியவர்களுக்கா? இதுதான் தலைப்பு. எதிரணியில் எனக்கு முன்னால பேசின அம்மா ஒரு போடு போட்டாங்க. "2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவுல இறங்கிச்சே, உலகமே யாருக்குக் கைதட்டிச்சு? விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேலுக்குத்தானே? தொடங்கி வெச்சவங்க பேரு யாருக்குத் தெரியும்?" அப்படின்னாங்க.

நியாயமான கேள்வி. நானும்தான் கைதட்டினேன். ஆனா அம்மா, நிலாவுல இறங்கினதைப் பார்த்தீங்க. அதைத் தூக்கிட்டுப் போன ராக்கெட்டோட வயித்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பார்க்கலையே! (சிரிப்பு)

தீபாவளிக்கு ராக்கெட் விடுறோம். அதுல இருக்கறது திட மருந்து. பத்த வெச்சா வெச்சதுதான். நடுவுல குறைக்க முடியாது, நிறுத்த முடியாது, எதிர்வீட்டு மாடியில போய்த்தான் நிக்கும். திரவ எரிபொருள் நம்ம வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி. திருகினா எரியும், மூடினா அணையும். பாலைப் பொங்க விடாம காய்ச்சத் தெரிஞ்ச தாய்மார்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை முதன்முதலில் பறக்க விட்டவர் ராபர்ட் காடர்ட் என்கிற அமெரிக்கப் பேராசிரியர். ராக்கெட் நிலாவுக்கே போகலாம்னு அவர் சொன்னதற்கு, 1920-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. காற்றே இல்லாத இடத்தில் எதைத் தள்ளிக்கொண்டு ராக்கெட் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்ததுகூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்ற தொனியில். பேராசிரியர்களைக் கேலி செய்வது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கு! (சிரிப்பு)

மனுஷன் பதில் சண்டைக்குப் போகலை. 1926 மார்ச் 16. அத்தை வீட்டுப் பண்ணை. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் ஊத்தி ராக்கெட்டை விட்டார். எவ்வளவு உயரம் போச்சு தெரியுமா? 41 அடி! நம்ம நூம்பல்ல ஒரு நாலு மாடி வீட்டு உயரம். எவ்வளவு நேரம்? இரண்டரை விநாடி! போய் விழுந்தது முட்டைக்கோஸ் தோட்டத்துல. முடிச்சவனுக்குத்தான் பெருமைன்னு சொல்ற எதிரணி அன்னைக்கு அங்க இருந்திருந்தா, முட்டைக்கோஸைப் பொறுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

1969-ல் மனிதன் நிலாவுக்குக் கிளம்பினான். ஏறிப்போன ராக்கெட்டில் இருந்ததும் திரவ ஆக்சிஜன்தான். அது புறப்பட்ட மறுநாள், ஜூலை 17-ஆம் தேதி, அதே பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. காடர்ட் இறந்து ஏறக்குறைய 24 வருஷம் ஆகியிருந்தது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். தும்பாவில் திட எரிபொருள் ராக்கெட்டுகளில் நம்மவர்கள் கைதேறி வந்த காலம். இனி திரவம்தான் வேண்டும் என்று விடாமல் சொன்னவர்களில் ஒருவர் நம்பி நாராயணன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ராக்கெட் உந்துவியல் கற்றுத் திரும்பியவர். 1974-ல் பிரான்சோடு ஒப்பந்தம். கையில காசு ஏது? அதனால நம்ம பொறியாளர்கள் அங்கே போய் அவங்க வைக்கிங் எஞ்சினுக்கு உழைச்சாங்க. உழைப்பைக் கொடுத்து வித்தையை வாங்கினாங்க. குருகுலத்துல விறகு வெட்டிப் பாடம் கத்துக்கிட்ட மாதிரி!

அப்படிப் பிறந்ததுதான் விகாஸ் எஞ்சின். அதுல ஊத்துற ரெண்டு திரவமும் ஒண்ணையொண்ணு தொட்டாலே பத்திக்கும், தீப்பெட்டி வேண்டாம். சில கல்யாண வீட்டுல சம்பந்திங்க சந்திச்சுக்கிற மாதிரி. (சிரிப்பு) 1985-ல் பிரான்சில் வெர்னான் என்ற ஊரில் வைத்து அதை எரித்துப் பார்த்தார்கள், தேறிவிட்டது. நம் மண்ணிலேயே சோதிக்க இடம் வேண்டுமே? திரவ உந்து மையத்தின் முதல் இயக்குநர் முத்துநாயகம் காலத்தில், திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரியில் சோதனைக்கூடம் எழுந்தது. அனுமன் கடல் தாவக் காலை ஊன்றியது மகேந்திர மலை என்று கம்பனைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பெயர் கொண்ட மலையடிவாரத்தில்தான் இன்றைக்கும் எஞ்சின்கள் நெருப்பில் தேர்வு எழுதுகின்றன.

1994 அக்டோபர் 15. பி.எஸ்.எல்.வி. முதன்முறையாக வெற்றி. இரண்டாம் கட்டத்தில் எரிந்தது விகாஸ். நாடே கொண்டாடியது. அதற்கப்புறம் ஒன்றரை மாதம்தான் ஆச்சு. நவம்பர் 30. நம்பி நாராயணன் கைது! ரகசியத்தை விற்றார் என்று வழக்கு. அப்போது அவருக்கு 52 வயசு. அந்த வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் அன்றைக்குத் தெருவில் எப்படி நடந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். 1996-ல் சி.பி.ஐ. ஆதாரமே இல்லை என்றது. 1998-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் கைதே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது 2018-ல். அங்கே காடர்ட் செத்து 24 வருஷம். இங்கே உயிரோடு இருந்தே 24 வருஷம்.

(அரங்கில் அமைதி)

அம்மா, இப்ப உங்க சந்திரயானுக்கு வர்றேன். 2023 ஜூலை 14. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திட எரிபொருள் குழல்கள் தூக்கிக் கொடுக்க, நடுக்கட்டத்தில் டன் கணக்கில் திரவத்தை எரித்துக்கொண்டு போனது எது? இரண்டு விகாஸ் எஞ்சின்கள்! வீரமுத்துவேலுக்குக் கைதட்டினீங்க இல்லையா? அந்தக் கைதட்டல்ல பாதி, 1974-ல் பிரான்சுக்குப் பெட்டி தூக்கிட்டுப் போன பொறியாளர்களுக்குச் சேர வேண்டியது. (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியில கை வெச்சுட்டார். அவங்க பேரு யாருக்குத் தெரியும்னு எதிரணியில கேட்டீங்க. நூம்பல்ல இன்னைக்கு ராத்திரி இத்தனை பேருக்குத் தெரிஞ்சிடுச்சு. தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.