மருந்து விலகட்டும், மகவு வரட்டும்!
(உரையின் எழுத்து வடிவம்)



மகப்பேறு வாய்க்காத பெண்ணை 'மலடி' என்று இழித்துரைக்கும் கொடுமை இக்குமுகாயத்தில் இன்னும் மாய்ந்தபாடில்லை. குறை ஆணிடத்தும் இருக்கலாம். மிகுந்த உடற்பருமன் விந்தணுக்களின் வலுவையும் குன்றச் செய்யும். ஆயினும் பழி சுமப்பவள் பெண்ணே. அப்பழிக்கு அஞ்சி, உடலை இளைக்கச் செய்யும் புதிய ஊசிகளை நாடுவோர் பெருகி வருகின்றனர். நாடுவது பிழையன்று, மருந்தின் தன்மை அறியாது நாடுவதே பிழை.

பருமன் மிகுந்தவிடத்து இன்சுலின் என்னும் கணையநீர் தன் வினையைச் செவ்வனே ஆற்றாது. அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரக்கும். அம்மிகை சூலகத்தைத் தூண்டி, ஆண்மைக்குரிய சுரப்புகளைப் பெருக்கும். அதனால் திங்கள்தோறும் வெளிப்பட வேண்டிய சூல்முட்டை தடைப்படும். சினைப்பை நீர்க்கட்டி நோயில் பலர்க்கு நிகழ்வது இதுவே. உடலெடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலர்க்குச் சூல்முட்டை மீண்டும் வெளிப்படத் தொடங்கும். 80 கிலோ உடையவர்க்கு இது 4 முதல் 8 கிலோவே.

இங்கேதான் புதிய ஊசிகள் வருகின்றன. செமாகுளுட்டைடு என்பதை 2021இலும், திர்செப்பட்டைடு என்பதை 2023இலும் எடைக் குறைப்புக்கென அமெரிக்கா ஒப்பியது. 2025இல் இரண்டுமே அப்பயனுக்கென இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. உணவுண்டபின் குடல் சுரக்கும் இயக்குநீரை ஒத்து இவை பசியை அடக்குகின்றன.

விளைவு என்ன? எடை குறையக் குறைய, 'கருவுறாள்' எனக் கைவிடப்பட்டவளே எதிர்பாராது கருவுறுகிறாள். ஊசி மருந்தோ உடம்பினின்று நீங்கவில்லை! விலங்குகளிடை நடத்திய ஆய்வுகளில் கருவுக்குக் கேடு காணப்பட்டது. மாந்தரிடத்துப் போதிய சான்று இன்னும் கிட்டவில்லை. சான்றின்மை தீங்கின்மை ஆகாது. 1957இல் செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, 1961இல் விலக்கப்படுமுன் பல்லாயிரம் மகவுகளின் கைகால்களைக் குறைத்தது. அது வேறு மருந்து. ஆனால் அது கற்பித்த பாடம் எம்மருந்துக்கும் உரியது.

எனவேதான் 2025 சூனில் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டமைப்பு தெளிவாக வழி வகுத்தது. இவ்வூசிகளைப் போடுங்கால் கருத்தடை தேவை. கருவுற விழைவோர், செமாகுளுட்டைடை இரண்டு திங்களுக்கு முன்னரும், திர்செப்பட்டைடை ஒரு திங்களுக்கு முன்னரும் நிறுத்துதல் வேண்டும். திர்செப்பட்டைடு, விழுங்கும் கருத்தடை வில்லையின் ஆற்றலைக் குறைக்கக் கூடும். ஆதலின் ஊசி தொடங்கியபின் 4 கிழமையும், அளவைக் கூட்டுந்தோறும் 4 கிழமையும் உறையும் வேண்டும். இடையே கருவுற்றால் ஊசியை நிறுத்தி, உடனே மருத்துவரை அணுகுக. நீரிழிவுக்காகப் போடுவோர் நிறுத்தும் முன்னரே மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்டறிக. கட்டுக்கடங்காத நீரிழிவும் கருவைக் கெடுக்கும்.

ஒன்று மறவாதீர்! ஊசி நின்றால் பசி திரும்பும், எடையும் ஏறும். ஆதலின் அளவறிந்த உணவும் நாளும் நடையும் ஊசி போடுங்காலத்தே பழக்கமாதல் வேண்டும். அப்பழக்கம் மனைவிக்கு மட்டும் உரியதன்று, கணவற்கும் உரியது.

மருமகளை ஏசும் மாமியாரே, மனைவியை நொந்துகொள்ளும் கணவரே, ஏச்சை விட்டொழியுங்கள்! இரண்டு திங்கள் பொறுத்திருக்க அவளுக்குத் துணை நில்லுங்கள். அந்தப் பொறுமையே, பிறக்கவிருக்கும் மகவுக்கு நீங்கள் அளிக்கும் முதற்காப்பு!