குளத்துக்குக் கரை வேண்டும்



புதுச்சேரியின் காரைக்கால் பகுதியில் உள்ள நம் நெரவி கடைமடை ஊர். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் டெல்டா முழுதும் பாய்ந்து முடித்துத்தான் நம் வாய்க்காலுக்கு வந்து சேரும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. காரைக்கால் வயல்களின் உரிமை அவ்வளவுதான். கிழக்கே கடல். குளங்களில் மழைத்தண்ணீர் நின்றால்தான் மண்ணுக்கடியில் உப்பு ஏறாமல் இருக்கும்.

2019இல் காரைக்கால் மாவட்ட நிர்வாகம் ‘நம் நீர்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆட்சியர் விக்ராந்த் ராஜா முன்னின்றார். கோயில் நிர்வாகங்களும் தொழில் நிறுவனங்களும் நூறு நாள் வேலைக்காரர்களும் கைகோத்தார்கள். சுமார் மூன்று மாதத்தில் 178 நீர்நிலைகள் தூர்வாரப்பட்டன. அந்த உழைப்பை மனமாரப் போற்றுகிறேன்.

தூர்வாரிய பிறகு குளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். பல ஊர்களில் பொக்லைன் இறங்கினால் குளம் செங்குத்தான தொட்டியாகிவிடுகிறது. நாலு பக்கமும் சுவர் எழுப்பி, நடைபாதையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். கோரை முளைக்கும் சரிவு போய்விடுகிறது. தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தக் கோரைக்குள். விரால் குஞ்சுகளைக் காவல் காப்பது அந்த ஆழமில்லாத ஓரத்தில். பால் ஆமை முட்டையிடக் கரையேறி ஈரமண்ணைத் தோண்ட வேண்டும்; சுவரில் அது எப்படி ஏறும்? 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அந்த ஆமையைக் காக்கிறது. அதன் கரையை நாம்தான் காக்க வேண்டும். ஒரு பக்கமாவது மண்கரையாக, சரிவாக விடுங்கள் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.

மீனும் அப்படித்தான். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. இருந்தும் நம் நீர்நிலைகளில் அது திரிகிறது. குளத்தை மீன்பாசி ஏலம் விடும்போது எந்த மீனை விடலாம், எதை விடக்கூடாது என்று எழுதிவைக்க நம் உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்து நினைத்தால் முடியாதா?

நினைப்பதற்கு ஆள் வேண்டும். எனக்கு உள்ளூர வலிக்கும் இடம் இது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து, 2006இல். அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் தேதி அறிவித்தார்கள், வழக்கில் நின்றுபோனது. 2011க்குப் பிறகு கொம்யூன்களை ஆணையர்கள்தான் நடத்தினார்கள். நல்ல அதிகாரிகள் வந்தார்கள், நல்ல வேலையும் செய்தார்கள். மாற்றல் ஆணை வந்ததும் போய்விட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊராட்சியில், தேர்ந்தெடுத்த தலைவர் இருக்கும்போது, கிராமசபையில் ஒரு பாட்டி எழுந்து ‘எங்க குளத்துக்கு வரத்து வாய்க்கால் அடைஞ்சு கிடக்கு, தலைவரே’ என்று கேட்கலாம். நம் பாட்டி யாரைக் கேட்பார்?

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, தேர்தல் வேண்டும் என்று உரக்கக் கேளுங்கள். வரும்போது உங்களில் சிலர் வேட்பாளராக நில்லுங்கள். அதுவரை ஒரு வேலை தருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் ஊர்க் குளங்களைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் வரும் வழி எது, வடியும் வழி எது, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தக் கரை மண்கரை, என்ன பறவை, என்ன மீன் என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டடப் பொறியியல் படித்தவர் மட்டம் பாருங்கள். தாவரவியல் படித்தவர் கோரையையும் ஆகாயத்தாமரையையும் பிரித்துச் சொல்லுங்கள். வணிகவியல் படித்தவர் ஏலக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அரசலாற்று முகத்துவாரம் வரை போய் அலையாத்தி மரங்களையும், பங்குனி ஆமை கரையேறும் மணலையும் அந்தக் குறிப்பில் சேருங்கள். நம் வாய்க்கால் குப்பை போய்ச் சேர்வதும் அங்கேதான். எழுதியதில் ஒரு படியைக் கொம்யூன் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு படி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.