வழக்குரைக்க ஒருவர்



கோவலனைக் காவலர் சூழ்ந்த வேளையில், அவனது ஒழுக்கத்தை நன்கறிந்த கவுந்தி அடிகள் மதுரைக்குப் புறத்தே இருந்தார். பழி சுமத்திய பொற்கொல்லனின் சொல் அரண்மனை வரை எட்டியது. பழி சுமந்தவனுக்காகப் பேச ஒருவருமில்லை. கண்ணகி வழக்குரைத்தபோது உயிர் போய்விட்டிருந்தது.

பரமத்தி வேலூர் வட்டத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிவேலை செய்யும் ஒருவன் மீது திருட்டு வழக்குப் பதிவாகிறது என்று கொள்க. அவன் பரமத்தி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்படுகிறான். காவல்துறை 60 நாட்களுக்குள், கடுங்குற்றமாயின் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில் பிணை பெறுவது அவனது உரிமை. ஆயினும் கேட்டாலன்றி அது கிட்டாது. அவன் கேட்குமுன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அவ்வுரிமை மறைந்துபோகும். சிறைக்குள் இருப்பவனுக்கு இது எங்ஙனம் தெரியும்? அவனுக்காக நாளெண்ணிக் காத்திருக்க ஒரு வழக்குரைஞர் வேண்டும்.

இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கிய 39அ உறுப்பு, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்தது. அதன்படி, காவலில் இருப்போர் எவராயினும் வருமானம் பாராமல் உதவி பெறலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அவ்வாறே.

வழக்குரைஞர் பெயரளவில் இருந்தால் போதுமா? மத்தியப் பிரதேசத்தின் காண்டுவாவில், 2013 பிப்ரவரி 19 அன்று ஓர் ஏழைக்கு வழக்குரைஞர் அமர்த்தப்பட்டார். அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. மார்ச் 4 அன்று மரண தண்டனை! கட்சிக்காரருடன் அமர்ந்து பேசவும் அவ்வழக்குரைஞருக்குப் பொழுதிருந்திராது. 2019இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுடையவரையே அமர்த்த வேண்டும். ஆயத்தம் செய்ய ஏழு நாட்களேனும் தர வேண்டும் என்றும் வகுத்தது. மறுவிசாரணையில் அம்மனிதர் 2024இல் விடுதலையானார். பதினோராண்டுகள் சிறையில் கழிந்தன.

இக்குறையை உணர்ந்தே, தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2022இல் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்குரைஞர் திட்டத்தை வகுத்தது. இவர்கள் முழுநேரப் பணியினர். தனியார் வழக்குகளை ஏற்க இயலாது. அரசுத் தரப்புக்கு அலுவலகம் இருப்பதுபோல் எளியோர் தரப்புக்கும் ஒன்று அமைகிறது. நல்ல ஏற்பாடே. எனினும் அவ்வலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருப்பது; காவிரிக்கரைச் சிற்றூரிலிருந்து நாமக்கல் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அத்தகையோர் பரமத்தியிலேயே வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். மனு எழுதத் தெரியாதவருடன் படித்த இளைஞர் ஒருவர் உடன்சென்றால் பாதி வேலை முடிந்தது.

பிணை கிடைத்தும் பிணையாள் கிடைக்காமல் சிறையிலேயே இருப்போரும் உளர். ஏழு நாட்களில் விடுவிக்கப்படாதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்ட ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அறிவிப்பு வந்தாலும் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டுமே! நிலமும் வீடும் உடைய குடும்பங்கள், தம் வயலில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கேனும் அவ்வாறு நிற்கலாம். நீதிமன்றத்துக்கு அவர் தவறாது வருவார் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? சட்ட உதவிக்கான 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அறக்கட்டளை அலுவலகச் சுவரில் இன்றே எழுதி வைக்கலாம்.